அரக்க இனத்தில் நல்லவர் பிறப்பாரா?

இருண்ட மலைக்குகை ஒன்றின் வழியே இரு படைத்தலைவர்கள் பேசிக்கொண்டே செல்கிறார்கள். இருவருக்கும் போர் அலுத்துவிட்டது. மேலிடத்தின் மீது மனக்குறை; ஆனால் அதை உரக்கச் சொல்ல அச்சம். ஒற்றர்கள் காதில் விழுந்துவிட்டால் என்னாவது? போர் முடிந்ததும் நம்பிக்கையான ஆட்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு, கொள்ளைக்கு வசதியான, பெரிய எசமானர்கள் இல்லாத ஓர் இடத்திற்குப் போய்விட வேண்டும் என்கிறான் ஒருவன். பழைய காலம் போல இருக்கும் என்று மற்றவனும் ஒத்துக்கொள்கிறான்.

இவர்கள் மனிதர்கள் என்றுதான் நினைப்பீர்கள். இல்லை. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட 'லார்டு ஆஃப் த ரிங்ஸ்' என்ற மாயக்கதையில் வரும் 'ஓர்க்' இனத்தார் இவர்கள். கோரமான உருவம் உடையவர்கள். கொடுமையே தொழிலாகக் கொண்டவர்கள். கதையில் நல்லவர் பக்கம் நிற்பவர்கள் இவர்களை ஆயிரக்கணக்கில் வெட்டி வீழ்த்துகிறார்கள். படிப்பவருக்கு ஒரு சொட்டுக் கண்ணீரும் வருவதில்லை.

ஆனால் அந்தக் குகைப் பேச்சைப் படிக்கும்போது மட்டும் நமக்கு ஓர் ஐயம் எழுகிறது. இப்படிப் பேசக்கூடிய ஓர் உயிர், பிறப்பினாலேயே முழுக்க முழுக்கத் தீயதாக இருக்க முடியுமா? அந்த இனத்தில் ஒரு நல்லவன் பிறக்கவே மாட்டானா?

விபீடணனையும் பிரகலாதனையும் கதையில் கேட்டு வளர்ந்த நமக்கு இக்கேள்வி புதிதன்று. மேலை நாடுகளில் இதற்கு ஏறத்தாழ 2,400 ஆண்டு வரலாறு உண்டு. வியப்பு என்னவென்றால், அந்த வரலாறு தொடங்குவது நம் நாட்டைப் பற்றிய ஒரு நூலில்தான்!

நாய்த்தலையர் வாழ்ந்த நாடு

கி.மு. 400ஆம் ஆண்டையொட்டிப் பாரசீகப் பேரரசர் இரண்டாம் அர்த்தசெர்க்சசின் அரண்மனையில் டெசியஸ் என்ற கிரேக்க மருத்துவர் இருந்தார். அவர் இந்தியாவுக்கு வந்ததில்லை. எனினும் கேள்விப்பட்டவற்றைக் கொண்டு 'இந்திகா' என்ற நூலை எழுதினார். அந்நூல் அழிந்துவிட்டது. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் ஃபோட்டியஸ் என்ற பைசாந்திய அறிஞர் எழுதிவைத்த சுருக்கத்தின் வழியாகவே அதன் செய்திகளைப் பெரிதும் அறிகிறோம்.

இந்திய மலைகளில் நாய்த்தலை மனிதர்கள் வாழ்வதாக டெசியஸ் கூறினார். அவர்கள் தொகை 1,20,000 என்று கணக்கும் கொடுத்தார்! அவர்கள் குரைப்பார்கள், ஆனால் அயலில் வாழும் இந்தியரின் மொழி அவர்களுக்குப் புரியும். பதில் சொல்ல வேண்டுமானால், வாய்பேசாதவரைப் போலக் கைகளாலும் விரல்களாலும் சைகை காட்டுவார்கள். மக்களோடு பண்டமாற்று வணிகமும் செய்வார்கள்.

இவை எல்லாவற்றையும்விட நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்த நாய்த்தலையர் நேர்மை மிக்கவர்கள் என்கிறார் டெசியஸ். ஆக, மேலை இலக்கியத்தின் புகழ்பெற்ற விந்தை இனங்களுள் ஒன்று, டெசியசின் நூலில் நல்ல இனமாகவே காட்டப்பட்டது.

படத்தின் ஓரத்தில் நாம்

டெசியசுக்கு ஒரு நூற்றாண்டு கழித்து, செலூக்கஸ் மன்னரின் தூதராகச் சந்திரகுப்த மௌரியரின் அவைக்கு வந்தவர் மெகஸ்தனிஸ். இவர் இந்தியாவை நேரில் கண்டவர். பாடலிபுத்திர நகரையும் அதன் ஆட்சியையும் பற்றி இவர் தந்த செய்திகளை இன்றும் வரலாற்றாசிரியர்கள் மதிக்கிறார்கள். ஆனால் தொலைவில் உள்ள மக்களைப் பற்றி எழுதும்போது இவரது எழுதுகோலும் தடம் புரண்டது. வாய் இல்லாமல் மணத்தை மட்டுமே முகர்ந்து உயிர்வாழ்வோர், பாதம் பின்னோக்கித் திரும்பியோர், காதையே பாயாக விரித்து உறங்குவோர் எல்லாரும் இவர் நூலில் வந்தார்கள். பின்வந்த ஸ்டிராபோ என்ற நிலநூல் அறிஞர் இவரைப் பொய்யர் என்றே கண்டித்தார்.

ஆனால் எல்லாம் அவரே புனைந்தவை அல்ல. காதைப் போர்வையாகக் கொண்ட 'கர்ணபிராவரணர்' மகாபாரதத்திலேயே வருகிறார்கள். எங்கே தெரியுமா? சபா பருவத்தில், சகாதேவன் தென்திசை நோக்கிப் படையெடுக்கும் இடத்தில்! ஒற்றைக்கால் இனத்தாரும் அங்கே உண்டு. அதே பயணத்தில்தான் திராவிடரும் சொல்லப்படுகிறார்கள். வடக்கே இருந்து கதை சொன்னவருக்குத் தெற்கு தொலைவாக இருந்தது. மெகஸ்தனிசோ 'பாண்டியா' என்று ஒரு நாட்டைக் குறிப்பிட்டு, அங்கே பெண்கள் ஏழு வயதிலேயே மணப்பருவம் எய்துகிறார்கள் என்று எழுதினார். அது பாண்டிய நாடே என்று அறிஞர் பலர் கருதுவர்.

இதைப் படித்து நாம் சினம் கொள்ள வேண்டியதில்லை. ஒரு பாடம் மட்டும் கற்றால் போதும். விந்தை இனம் என்பது எப்போதும் கதை சொல்பவனின் ஊரில் இருப்பதில்லை. அவன் கண் எட்டாத இடத்திலேயே இருக்கிறது. அங்கே வாழ்பவரிடம் போய்க் கேட்டால், அவர்கள் இன்னும் தொலைவில் உள்ள வேறு யாரையேனும் காட்டுவார்கள்.

குரைப்பதால் விலங்கா?

கிரேக்கரின் கதைகளை ரோமானிய அறிஞர் பிளினி கி.பி. 77ஆம் ஆண்டையொட்டி முடித்த தம் 'இயற்கை வரலாறு' என்ற பெருநூலில் தொகுத்துவைத்தார். அதிலிருந்து அவை ஐரோப்பா முழுவதும் பரவின. வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகரத் துறைமுகச் சதுக்கத்தில் இவ்வினங்களை வண்ணக்கற்களால் சித்திரமாகப் பதித்திருந்தார்கள்.

அச்சித்திரங்களைக் குறிப்பிட்ட ஒருவர், கிறித்தவ சமயத் தத்துவஞானி அகஸ்டின். கி.பி. 413க்கும் 426க்கும் இடையே அவர் எழுதிய 'இறைவனின் நகரம்' என்ற நூலின் 16ஆம் பகுதியில் இக்கேள்வி வருகிறது. மனிதர் அனைவரும் ஆதாம் என்ற ஒருவரின் வழிவந்தவர் என்பது அவர் சமயத்தின் நம்பிக்கை. அப்படியானால் இந்த விந்தை இனங்கள் யார் வழிவந்தவை?

அகஸ்டின் மூன்று விடைகளை அடுக்கினார். ஒன்று, இக்கதைகள் பொய்யாக இருக்கலாம். அல்லது, அப்படிப்பட்ட உயிர்கள் இருந்தும் அவை மனிதராக இல்லாமல் போகலாம். அல்லது, அவர்கள் மனிதர்களாக இருக்கலாம். அப்படியானால் அவர்களும் ஆதாமின் மக்களே. உருவமும் நிறமும் குரலும் எவ்வளவு மாறுபட்டாலும் சரி, பகுத்தறிவு இருந்தால் அவன் மனிதனே என்பது அவர் முடிவு. 1,600 ஆண்டுகளுக்கு முன் இது சிறிய முடிவன்று.

ஆனால் நாய்த்தலையர் விஷயத்தில் மட்டும் அவர் சற்று அவசரப்பட்டார். அவர்களுடைய தலையும் குரைப்பும் அவர்களை விலங்கென்றே காட்டுகின்றன என்று கருதினார். குரைப்பவருக்கும் மொழி புரியும் என்று டெசியஸ் சொன்னது இங்கே கணக்கில் வரவில்லை.

ஒரு துறவியின் மறுமொழி

நான்கு நூற்றாண்டுகள் கழிந்தன. கி.பி. 9ஆம் நூற்றாண்டில், ஐரோப்பாவின் வட நாடுகளில் சமயப் பணி செய்த ரிம்பெர்ட் என்பவருக்கு இதே ஐயம் எழுந்தது. நாய்த்தலையர் மனிதரா, விலங்கா? வடபிரான்சில் கோர்பி மடத்துத் துறவியான ரத்ரம்னஸ் என்ற அறிஞரிடம் கேட்டார். ரத்ரம்னஸ் எழுதிய மறுமொழி இன்றும் கிடைக்கிறது.

அந்த மடலின் சிறப்பு அது வாதிடும் முறையில் இருக்கிறது. நாயின் தலை என்றால் விலங்கு என்பதுதான் கற்றோர் வழக்கு என்பதை ரத்ரம்னஸ் மறைக்கவில்லை. ஆனால் ரிம்பெர்ட் அனுப்பிய செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார். அவர்கள் ஊர்களில் கூடி வாழ்கிறார்கள். கூடி வாழச் சட்டம் வேண்டும். சட்டத்திற்கு உடன்பாடு வேண்டும். உடன்பாட்டிற்கு அறிவு வேண்டும். அவர்கள் உழுது பயிரிடுகிறார்கள். பயிர்த்தொழிலுக்குத் திறமை வேண்டும். ஆடை உடுத்து உடலை மறைக்கிறார்கள். எந்த விலங்குக்கும் நாணம் இல்லை. ஆடுமாடு போன்ற விலங்குகளை வளர்க்கிறார்கள். ஒரு விலங்கு மற்றொரு விலங்கை வீட்டில் வளர்ப்பதுண்டா?

ஆகவே அவர்கள் பகுத்தறிவு உடையவர்களே என்று முடிவு செய்கிறார் ரத்ரம்னஸ். நாய்த்தலையர் உலகில் எங்கும் இல்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் அவரது ஆராய்ச்சி முறை இன்றைய அறிவியலுக்கும் ஏற்றதே. முகத்தைப் பார்க்காதே, செயலைப் பார். முன்முடிவோடு வராதே, சான்றைத் தேடு. இல்லாத ஓர் இனத்தைப் பற்றி அவர் சொன்ன சரியான விடை, பிற்காலத்தில் உண்மையான மக்களுக்குத் தேவைப்பட்டது.

கடலைக் கடந்த கேள்வி

1492இல் கொலம்பஸ் அட்லாண்டிக் கடலைக் கடந்தபோது பழைய கதைகளும் அவரோடு கப்பலில் சென்றன. நாய்மூக்கு உடைய மனிதர் அப்பால் இருப்பதாகத் தீவுவாசிகள் சைகையில் சொன்னார்கள் என்று தம் நாட்குறிப்பில் அவர் எழுதினார். ஆனால் 1493இல் தாயகம் திரும்பும்போது, பலர் எதிர்பார்த்தது போன்ற விகார மனிதர் எவரையும் தாம் காணவில்லை என்று கடிதத்தில் ஒப்புக்கொண்டார். அவர் கண்டவர்கள் மனிதர்களே.

எனினும் அம்மனிதர்களை அடிமைகளாக்கி நிலத்தைப் பறிக்க விரும்பியவர்களுக்கு அந்த உண்மை இடையூறாக இருந்தது. அவர்கள் முழு மனிதர்கள்தாமா என்று வாதம் கிளம்பிற்று. 1537இல் போப்பாண்டவர் மூன்றாம் பால், அமெரிக்கப் பழங்குடியினர் உண்மையான மனிதரே, அவர்களது உரிமையையும் உடைமையையும் பறிக்கக் கூடாது என்று அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. 1550, 1551ஆம் ஆண்டுகளில் ஸ்பெயின் நாட்டு வல்லதோலித் நகரில் பெரும் விவாதமே நடந்தது. சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்ற அரிஸ்டாட்டிலின் கருத்தைத் துணைக்கொண்டு பேசினார் செபுல்வேதா. அதை மறுத்து, அம்மக்களின் ஊர்களையும் சட்டங்களையும் கலைகளையும் சான்று காட்டினார் லாஸ் காசாஸ் என்ற பாதிரியார். ரத்ரம்னசின் வாதம் போலவே இருக்கிறதல்லவா? ஆனால் இம்முறை வழக்கில் இருந்தவை உண்மையான உயிர்கள்.

அறிவியலும் இப்பிழையிலிருந்து தப்பவில்லை. உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த சுவீடன் நாட்டு லின்னேயஸ், 1758இல் வெளியிட்ட தம் நூலின் 10ஆம் பதிப்பில் 'ஹோமோ மான்ஸ்ட்ரோசஸ்', அதாவது விகார மனிதன் என்று ஒரு பிரிவையே வைத்தார். மற்ற மனிதரை நான்கு கண்டங்களின் பெயரால் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு குணத்தையும் எழுதிவைத்தார். ஆசியருக்கு அவர் தந்த குணங்களில் செருக்கும் பேராசையும் அடங்கும்! நிறத்தோடு குணமும் பிறப்பிலேயே வருகிறது என்ற தவறான எண்ணம் இவ்வாறு அறிவியல் நூலுக்குள்ளும் இடம்பிடித்தது.

பேராசிரியரின் சங்கடம்

இனி நம் குகைவாசிகளிடம் திரும்புவோம். டோல்கீன் பழைய ஆங்கில இலக்கியத்தில் வல்லவர். 'பேயோவுல்ஃப்' என்ற பழங்காப்பியத்தின் அரக்கர்களைப் பற்றி 1936இல் அவர் ஆற்றிய சொற்பொழிவு புகழ்பெற்றது. இலண்டனில் பாதுகாக்கப்படும் அக்காப்பியத்தின் ஒரே கையெழுத்துச் சுவடி ஏறத்தாழ 1,000 ஆண்டுப் பழைமையானது. அதே சுவடியில் கீழ்த்திசை விந்தை இனங்களைப் பற்றிய ஒரு நூலும் இருக்கிறது. பிளினியின் நாய்த்தலையரும் டோல்கீனின் ஓர்க்குகளும் இவ்வாறு ஒரே குடும்பத்து உறவினர் ஆகிறார்கள். 'ஓர்க்' என்ற சொல்லையும் அவர் பழைய ஆங்கிலத்திலிருந்தே எடுத்தார்.

டோல்கீன் ஆழ்ந்த கத்தோலிக்க நம்பிக்கை உடையவர். தீமையால் எதையும் படைக்க முடியாது, படைக்கப்பட்டதைக் கெடுக்க மட்டுமே முடியும் என்பது அவர் கொள்கை. ஆகவே ஓர்க்குகளை அரக்கன் படைத்தான் என்று அவரால் எழுத முடியவில்லை. அவர் மறைவுக்குப்பின் 1977இல் வெளிவந்த 'சில்மரில்லியன்' நூலின்படி, 'எல்ஃப்' என்ற நல்லினத்தாரைச் சிறைப்பிடித்துச் சித்திரவதை செய்து கெடுத்து உருவாக்கப்பட்டவர்களே ஓர்க்குகள். அப்படியானால் அவர்கள் குற்றவாளிகளா, அல்லது கொடுமைக்கு ஆளானவர்களா?

இக்கேள்வி அவரை வாழ்நாள் முழுவதும் உறுத்தியது. 1954இல் ஒரு வாசகருக்கு எழுதிய கடித வரைவில், மீட்கவே முடியாத தீயவர்கள் என்று சொல்லிவிடத் தயங்கினார். பிற்காலக் குறிப்புகளில் வேறு வழிகளையும் தேடினார். ஓர்க்குகள் ஆன்மா இல்லாத விலங்குகள், அவர்கள் பேச்சு வெறும் கிளிப்பேச்சு என்று சொல்லிவிட்டால் என்ன என்று எண்ணிப் பார்த்தார். ஆனால் குகையில் எதிர்காலத்தைத் திட்டமிடும் அந்த இருவர்? எந்தக் கிளி தன் எசமானைக் குறைகூறும்? சரணடைந்து இரக்கம் கேட்கும் ஓர்க்குக்கு, இழப்பு நேர்ந்தாலும் இரக்கம் காட்ட வேண்டும் என்பது முன்னோர் விதி என்றும் ஒரு குறிப்பு எழுதினார். 1993இல்தான் அக்குறிப்புகள் அச்சில் வந்தன.

நண்பர்களே, ஒரு வசதியான எதிரி கதைக்குத் தேவைதான். ஆனால் டோல்கீன் 1916இல் சொம் போர்முனையில் நின்றவர். இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், தம் மகனுக்கு எழுதிய கடிதத்தில், உண்மை வாழ்வில் ஓர்க்குகள் இரு தரப்பிலும் இருக்கிறார்கள் என்ற கருத்தைத் தெரிவித்தார். எதிரி நாட்டார் அனைவரும் அரக்கர் என்று எல்லா நாடுகளும் முழங்கிய காலம் அது என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

அட்டவணையில் ஒரு திருத்தம்

டோல்கீனின் ஐயம் அவரோடு நின்றுவிட்டது. ஓர்க் மட்டும் உலகமெங்கும் பரவியது. 1974இல் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற கற்பனை விளையாட்டு வெளியாயிற்று. அதன் 1977ஆம் ஆண்டு அரக்கர் கையேட்டில் ஒவ்வோர் இனத்திற்கும் எதிரே அதன் குணம் அச்சிடப்பட்டிருந்தது. ஓர்க்குக்கு எதிரே 'தீமை' என்று இருந்தது. லின்னேயசின் அட்டவணை நினைவுக்கு வருகிறதா?

விளையாடியவர்களுக்கே பின்னர் இது உறுத்தத் தொடங்கிற்று. டெர்ரி பிராட்செட் என்ற எழுத்தாளர் 2009இல் வெளியிட்ட ஒரு புதினத்தில் அன்பும் அறிவும் மிக்க ஓர்க் ஒருவனைப் படைத்தார். 2020இல் அவ்விளையாட்டின் வெளியீட்டாளர்கள், ஓர்க்குகளையும் மற்றவரைப் போலப் பல குணம் உடைய மக்களாகவே காட்டுவோம் என்று அறிவித்தார்கள். 2024ஆம் ஆண்டுப் பதிப்பில் 'இனம்' என்ற சொல்லையே நீக்கிச் 'சிற்றினம்' என்று மாற்றினார்கள்.

இன்றைய அறிவியல் என்ன சொல்கிறது? எந்த இரு மனிதரை எடுத்துக்கொண்டாலும் மரபுச்செய்தியில் ஏறத்தாழ 99.9 விழுக்காடு ஒன்றே. ரிச்சர்டு லெவோண்டின் என்ற மரபியல் அறிஞர் 1972இல் கணக்கிட்டபடி, மனிதரிடையே உள்ள மரபு வேறுபாடுகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கள்தொகுதிக்கு உள்ளேயே காணப்படுவது. இனத்திற்கு எதிரே குணத்தை எழுதும் அட்டவணைக்கு இயற்கையில் ஆதாரம் இல்லை.

எனவே தலைப்பில் உள்ள கேள்விக்கு விடை இதுதான்: ஓர் இனம் நல்லதாகவும் இருக்க முடியாது, தீயதாகவும் இருக்க முடியாது. நன்மையும் தீமையும் தேர்ந்தெடுக்கக்கூடிய தனி ஒருவருக்கே உரியவை. புயலையும் புலியையும் கதையில் எதிரியாக்கலாம். அவற்றை யாரும் குற்றம் சொல்வதில்லை. ஆனால் ஓர் உயிருக்கு மொழியைக் கொடுத்த கணமே ஆசிரியர் அதற்குத் தேர்வையும் கொடுத்துவிடுகிறார். பிறகு அதில் நல்லவரே பிறக்கமாட்டார் என்றால் கதையே அதை மறுக்கும்.

அந்தக் குகைவாசிகள் இருவரும் என்ன ஆனார்கள் தெரியுமா? எதிரி வீரன் ஒருவன் தன் தோழனைக் கைவிட்டு ஓடிவிட்டான் என்று எண்ணி, அது இழிசெயல் என்று அவர்கள் பழித்தார்கள். சிலந்தியிடம் சிக்கிய தங்கள் தோழனைக் கைவிட்டதை மட்டும் சொல்லிச் சிரித்தார்கள். அடுத்தவர் குற்றம் தெரிந்தது. தங்கள் குற்றம் தெரியவில்லை. பிறகு விலையுயர்ந்த ஒரு கவசத்தின் மீது கொண்ட ஆசையால் சண்டை மூண்டது. ஒருவன் மற்றவனைக் கொன்றான். எசமானர் இல்லாத அந்த இடத்திற்கு இருவரும் போய்ச் சேரவில்லை.

இதில் அரக்கருக்கே உரிய செயல் எது? நன்றாக எண்ணிப் பாருங்கள். நாம் ஒருநாளும் செய்யாத செயல் இதில் ஏதேனும் உண்டா?